அடி தடித்த கிளாஸ்

இன்று கூடுவாஞ்சேரியில் டீ கிளாஸைக் கையில் வாங்கியதும் அதன் அடிக்கனம் தெரிந்தது. தொண்ணூறுகளில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை வைத்திருந்த அப்பா, பால் விலை ஏறும்போதெல்லாம் டீ விலையை ஏற்றாமல், இன்னும் கொஞ்சம் அடி தடித்த கிளாஸ்களாக வாங்கி வருவார்; பாய்லர் சீறலுக்கு நடுவே அவை பலகையில் ணங்கென்று உட்காரும்.

"இன்னா அண்ணாத்த, கிளாஸ் கனமா கீது, டீ லேசா கீது" என்பார் தினமும் வரும் ஆட்டோக்காரர். அப்பா நுரை உயர ஆற்றுவார்.

வாடகை கட்டுப்படியாகாமல் கடையை மூடிய அன்று, பரணிலிருந்த, அடி மெலிந்த பழைய கிளாஸ்களை இறக்கிக் கழுவி, எல்லோருக்கும் விளிம்பு வரை ஊற்றினார். ஆட்டோக்காரர் பாதியிலேயே கீழே வைத்தார்.

"போதும் அண்ணாத்த. இம்மாந்தான் எறங்குது."