கிழங்கு தின்ற மனுஷனும் என் குடைப்பனையும்

இன்று மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சள் போட்டு அவித்த கிழங்கு வாசம் அடித்தது.

நான் கிழங்கு அவிக்கவே இல்லை!

அப்படியே நின்றுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கொழும்புத் தோணியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மிக்கேல், ஆடி மாதம் ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்தார். குடைப்பனை விதையாம். அதன் ஓர் ஓலைக்கு அடியில் ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாமாம். அங்கே துரைமார் பங்களா முன்னால் அழகுக்கு வளர்க்கிறார்களாம்.

எனக்கும் வாசல் உண்டு. பின்னால் பங்களாதான் இல்லை. (மரம் முதலில் வரட்டும், பங்களா மெதுவாக வரும்!)

பக்கத்து வீட்டு லூர்தம்மா அக்கா சிரித்தாள். "ஏளா, ஊரு பூரா பனை நிக்கி. நீ கப்பல்ல வந்த பனைய வளக்கப் போறியாக்கும்?"

"நம்ம பனை பதனி குடுக்கும்க்கா. இது மருவாதி குடுக்கும்!"

விதையைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். தினமும் தண்ணீர் மாற்றினேன். ஓடு கல் மாதிரி இருந்ததால் ஒரு பக்கம் தரையில் உரசினேன். ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கும் பழைய டின்னில் மணலும் தேங்காய் நார்த்தூளும் போட்டுப் புதைத்து, சூடு கிடைக்கட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முளைக்கவில்லை.

அடிக்கடி தோண்டிப் பார்த்தேன். (விதைக்கே என்மேல் எரிச்சல் வந்திருக்கும்!)

ஒரு வழியாக மூன்று விதை வேர் விட்டது. அந்த வேர் நேராகக் கீழே இறங்கி டின்னின் அடியை முட்டிவிட்டது. இனி ஆழமான மணல் வேண்டும். கொல்லையில், கிழங்குக்காகப் பனங்கொட்டை புதைத்து வைத்திருந்த மணல்மேடு இருந்தது. அதன் ஓரத்திலேயே மூன்றையும் நட்டேன்.

பனை என்றால் எல்லாம் பனைதானே!

என் வீட்டுக்காரர் சவரிமுத்து சங்கு குளிக்கிறவர். மேட்டில் எது எந்தப் பனை என்று அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று காலையில் அண்ணனின் தோணி வந்தது. சந்தையிலிருந்து அண்ணனும் நானும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம்.

"ஏளா, வெத முளைச்சுட்டா?"

"மூணு வந்திருக்குண்ணே!"

"ஆடு வாய் வைக்காமப் பாத்துக்கோ. அந்தக் காய இடிச்சுக் கொளத்துல போட்டா மீனு மயங்கி மெதக்கும்னு இப்பத்தான் ஒரு சிங்களத்தான் சொன்னான்."

அப்போது சிரித்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் அந்த வாசம்.

கொல்லைக்கு ஓடினேன். மணல்மேட்டின் ஓரம் தோண்டிக் கிடந்தது. மூன்றில் ஒன்றுதான் மிச்சம்.

இவர் பாயில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். கடல் கலங்கல் என்று இன்று இறங்கவில்லையாம்.

"எந்தக் கெழங்க அவிச்சீங்க?"

"மேட்டுல உள்ளதத்தான். கொஞ்சம் கசப்பு. பசியில தின்னுட்டேன்."

"ஐயையோ, அது வெசம்! மீனே சாவுமாம்!"

சிரித்தார்! "போன வாரம் கொழம்புல பல்லி கெடந்துதுன்னு சொல்லி என்னப் பட்டினி போட்டவ நீதான?"

(ஆமாம், சொன்னேன். முகம் போன போக்கைப் பார்க்கத்தான்!)

"மாதா மேல சத்தியமா இது வெளையாட்டு இல்லங்க!"

அண்ணன் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். நான் வேலிக்கு மேலே லூர்தம்மா அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"போளா! நேத்து எங்க வீட்டுக்குள்ள பாம்பு போச்சுன்னு சொன்னதும் நீதான. இன்னிக்கு நா வர மாட்டேன்!"

ஊரையே பயங்காட்டிச் சிரித்த வாய். இன்று அது உண்மையைச் சொன்னால் நம்ப ஓர் ஆள் இல்லை.

திரும்பி வந்து பார்த்தேன். இவர் கண் மூடியிருந்தது.

"இங்கேருங்க."



தோளைப் பிடித்து உலுக்கினேன். கை தொப்பென்று விழுந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். காற்று இல்லை. நெஞ்சைப் பார்த்தேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கத்த நினைக்கிறேன், சத்தம் வரவில்லை. அழகுக்கு மரம் வளர்க்கிறேன் என்று என் வீட்டை நானே வெட்டவெளி ஆக்கிவிட்டேனா?

பிறகு வந்தது பாருங்கள் ஓர் அலறல்! அதைக் கேட்டு லூர்தம்மா அக்காவே வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். இவரைப் பார்த்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள்.

"மாதாவே, இவரக் குடுத்துரு! இனிமே யாரையும் பயங்காட்ட மாட்டேன்!" என்று தரையில் விழுந்தேன்.

"அக்கா, அவ சொன்னதக் கேட்டியளா? நீங்கதான் சாச்சி."

சொன்னது செத்தவர்!

எழுந்து உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். "கடலுக்கடியில சங்கு பொறுக்குதவன் மூச்ச நீ வெரல வச்சுப் பாக்கியாக்கும்?"

அடித்தேன். அழுதேன். மறுபடியும் அடித்தேன். (அக்காவும் தன் பங்குக்கு ஒன்று போட்டாள்!)

அதற்குள் அண்ணன் டாக்டரோடு வந்துவிட்டார். டாக்டருக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொம்பு நிறைய உப்புத்தண்ணீர் கலக்கச் சொன்னார். குடித்து வாந்தி எடுத்தே ஆக வேண்டுமாம்.

"கடல்ல குடிச்சது பத்தாதாய்யா?" என்று இவர் கெஞ்சினார். நானே பிடித்து ஊற்றினேன். உப்பு கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருந்தேன்.

பயப்பட ஒன்றும் இல்லை, இன்று முழுக்கக் கவனித்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சொல்வது சுலபம்! சாயங்காலம் வரைக்கும் இவர் கண்ணயர்ந்தபோதெல்லாம் என் விரல் அவர் மூக்குக்குக் கீழேதான் இருந்தது. இதை எழுதும்போதும் ஒரு கை அங்கேதான்.

மிச்சமிருந்த ஒரு முளையை வாசலில் தனியாக நட்டு முள்வேலி போட்டேன். அந்த மரம் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் பூக்குமாம், அதுவும் மரத்துக்கு முழுக்க வயதான பிறகாம்.

"அதப் பாக்க நாம இருப்பமாங்க?" என்று கேட்டேன்.

வெளிறிய முகத்தோடு மனுஷன் சிரிக்கிறார்.

"நீ தண்ணி ஊத்து. பூக்கிற வரைக்கும் நா மூச்சப் புடிச்சுக்கிடுதேன்."