கண்டன்சர் வைத்த குறுவை

பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, கொழுந்தன் முறையுள்ள பங்காளி ஒருவனை நான் மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது காதோரம். குவைத்துக்காரன் பெண்டாட்டிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். கோபத்தில் அடித்தேன் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போட வேண்டுமானால் போர்த் தண்ணீர்தான். போர் ஓடக் கரண்ட் வேண்டும். கரண்ட்டுக்காக ஊருக்கு ஊர் மண்டை உடைந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊரில் துணைமின் நிலையத்துக் கண்ணாடிகளை நொறுக்கி, உள்ளே இருந்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து வெயிலில் நிறுத்தினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். ஒரு கல் என் கையிலும் இருந்தது.

நாற்று விடலாமா என்று நான் பஞ்சாங்கம் பார்க்கவில்லை, பேப்பர் பார்த்தேன். ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றும், வெளிநாட்டு நிலக்கரி கப்பலில் வந்துகொண்டிருக்கிறது, இரண்டே மாதத்தில் பற்றாக்குறை தீரும் என்று அமைச்சர் சொல்லியிருந்தார். குவைத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஃபிட்டராக இருந்த என் கணவர் போனில் வேறு மாதிரி சொன்னார்.

“பேப்பர நம்பாத. எண்ணெய் வெல ஏறுது. நிலக்கரியும் கூடவே ஏறும். அந்த வெலைக்கு அங்க யாரும் வாங்க மாட்டாங்க. இந்த வருஷம் தரிசா போடு.”

“ஏசில உக்காந்துக்கிட்டு சொல்லுவீங்க,” என்று போனை வைத்துவிட்டேன்.

ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நட்டேன். அவர் சொன்னதுதான் நடந்தது. மும்முனைக் கரண்ட் ஆறு மணி நேரம் என்றார்கள், அது நாலாகி, மூன்றாகிச் சாயங்காலத்துக்குப் போய்விட்டது. டீசல் எஞ்சின் வைத்திருந்தவர்கள், டீசல் விலையைப் பார்த்துச் சாக்கைப் போட்டு மூடிவிட்டார்கள். மற்ற நேரத்தில் மூன்று கம்பியில் ஒன்று செத்துக் கிடக்கும். வீட்டில் விளக்கு எரியும், மோட்டார் ஓடாது.

ஓட வைக்க ஒரு வழியைக் கண்டுபிடித்தவன் அந்தக் கொழுந்தன். சிங்கப்பூரில் ஒன்பது வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, சம்பாத்தியம் முழுவதையும் மண்ணில் போட்டிருந்தான். மோட்டாரில் கண்டன்சர் மாட்டினால் இரண்டு கம்பியிலேயே ஓடும். ஆனால் செத்த கம்பியில் மோட்டார் வழியாகக் கரண்ட் திரும்பி ஏறும். ஊரோடு ஒக்க ஓடு என்பார்கள், நானும் ஓடினேன், ஒன்று மாட்டிக்கொண்டேன். எங்கள் கிளைக் கம்பியில் இரண்டே மோட்டார்கள், என்னுடையதும் அவனுடையதும். அவன் கண்டன்சர் வைத்திருப்பது ஊருக்கே தெரியும். நான் வைத்திருப்பது, மாட்டிக்கொடுத்த அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பயிர் பால் பிடித்திருந்த சமயம். நடுப்பகலில் மோட்டாரை ஓடவிட்டு, தூரத்து வரப்பில் மடை வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கிளையில் மூன்றாவது கம்பி விட்டுப்போயிருந்ததால், அதைச் சேர்க்க லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறியிருக்கிறார். எனக்குத் தெரியாது. ஊரே புழுங்குகிறது, அணைக்காதீர்கள் என்று யாரோ கெஞ்ச, செத்த கம்பிதானே என்று டிரான்ஸ்பார்மரை நிறுத்தாமலே கை வைத்துவிட்டார்.

சத்தம் கேட்டு ஓடினேன். மனிதர் வரப்பில் குப்புறக் கிடந்தார். வலது கை முழங்கை வரை கருகியிருந்தது. தோல் கருகும் வாடை. அவருக்குத் துணையாக வந்திருந்த அவர் மச்சான் தலையில் அடித்துக்கொண்டு, “எவன்டா மோட்டார ஓட்டுனது?” என்று கத்தினான்.

அப்போது கொட்டகைகள் இருந்த பக்கமிருந்து கொழுந்தன் மூச்சு வாங்க ஓடி வந்தான். என் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவனுடையது ஓடியதா என்று தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை.

“இவந்தான்! இவன் கண்டன்சர்தான்!” என்று நான்தான் முதலில் கத்தினேன். கத்திக்கொண்டே அடித்தேன்.

மூன்றாவது அடிக்கு என் கை தேவைப்படவில்லை. ஊர் அவன்மேல் விழுந்தது. வரப்பிலிருந்து சேற்றில் தள்ளி மிதித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது இரண்டு பல்லோடு ரத்தம்தான் வந்தது. அவன் கொட்டகையைக் கொளுத்தினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சாயங்காலம் என் கொட்டகைக்குப் போனால் மோட்டார் நின்றிருந்தது, கண்டன்சரைக் காணவில்லை. போலீஸ் எடுத்துப் போய்விட்டதென்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. லைன்மேன் பிழைத்தார், கையை எடுத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொழுந்தனைப் பார்க்கப் போனேன். தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

“அண்ணி, உங்க கண்டன்சர் என் வைக்கப்போர்ல சொருகி வச்சிருக்கேன். எடுத்து வாய்க்கால்ல போட்டுருங்க.”

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“என் மோட்டார் முந்தின நாளே காயில் எரிஞ்சி கெடக்கு. அவரு விழுந்ததும் உங்களுதுதான்னு தெரிஞ்சிபோச்சு. அதான் ஓடிப்போயி நிறுத்திட்டுக் கழட்டுனேன். அண்ணன் ஊர்ல இல்ல, பொம்பள தனியா என்ன பண்ணுவீங்க?”

“நான் போயி உண்மையச் சொல்லிடறேன் தம்பி,” என்றேன். அழுதேன்.

“சொன்னா உங்க லைனையும் வெட்டிருவாங்க. என் பயிர் காஞ்சிபோச்சு. உங்களுதாவது வெளையட்டும்.”

தடுக்கமாட்டானா என்று நான் காத்திருந்திருக்கிறேன். அவன் தடுத்ததும் மனசுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போலீஸில் நான் எதுவும் சொல்லவில்லை. அவன்மேல் வழக்கு எழுதினார்கள். பதினெட்டு நாளில் அறுத்தேன். கதிரெல்லாம் மணி திரண்டு, தலை சாய்ந்து கிடந்தது.