பிரேமலதா விடும் இடைவேளை

சேரன்மகாதேவியைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு தியேட்டரில் பிரேமலதா ஆபரேட்டர். டிக்கெட் கிழிக்கத்தான் வந்தார். படப்பெட்டி போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது பழைய ஆபரேட்டர் மவுஸைத் தொட மாட்டேன் என்று விலகிக்கொள்ள, பிரேமலதா மாடியேறினார்.

தமிழ்ப் படத்துக்கு இடைவேளை எங்கே என்பதை எடுத்தவர்களே சொல்லிவிடுகிறார்கள். இங்கிலீஷ் படத்தில் அது கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டரை மணி நேரம் பசிக்காது போலிருக்கிறது, நமக்குப் பசிக்கும். ஆகவே உலகத்தின் மறுகோடியில் ஆயிரம் பேர் பாடுபட்டு எடுத்த படத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது பிரேமலதாவின் முடிவு. பாதி நேரம் ஆனதும் பொத்தானை அழுத்திவிடுவார்.

பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கும் நாவல் வரிசை ஒன்று. நதிகளோடு பேசும் ஒரு பெண்ணின் கதை. அதன் முதல் பாகம் இங்கிலீஷில் படமாகி, தமிழ் பேசிக்கொண்டு இங்கே வந்தது. கடிகாரம் பாதியைத் தொட்ட நொடியில் அந்தப் பெண் ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்தாள். பிரேமலதா அழுத்தினார். ‘இடைவேளை’ என்று காட்டும் சிலைடு அன்றைக்கு வரவில்லை. பெண் செத்தாள், படம் முடிந்தது என்று முக்கால்வாசிப் பேர் அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

முதலாளி சிவசைலம் சத்தம் போடவில்லை. அடுத்த பாகத்திலும் இப்படி ஆனால் மச்சான் மகன் மாடிக்கு வருவான், நீ பழையபடி டிக்கெட் கிழிக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் பாகம் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. படத்தைத் திறக்கும் சாவி எண், படம் வெளியாகும் அன்று காலையில்தான் வரும். முன்கூட்டிப் பார்க்க வழியில்லை. பத்தாம் வகுப்போடு புத்தகத்துக்குக் கும்பிடு போட்ட பிரேமலதா, ஆழ்வார்குறிச்சி டீச்சர் சித்ரலேகாவிடம் நாவலின் தமிழ்ப் பதிப்பை இரவல் வாங்கினார். அறுநூறு பக்கம். படம் ஓட்டியபடியே பதினைந்து நாளில் முடித்தார். கதையின் நடுவில், ஆறு எழுந்து நிற்கும் கட்டத்துக்குச் சற்று முன், அந்தப் பெண் கரையில் அமர்ந்து சாப்பிடுகிறாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது டீச்சரிடம் சொன்னார்: “அவளே சாப்பிட உக்காருதா. நம்ம ஆளுகளும் அந்நேரம் எந்திரிச்சுப் போய்த் தின்னுட்டு வரட்டும்.”

முதல் நாள் காலைக் காட்சி நிறைந்திருந்தது. பிரேமலதா பொத்தானில் விரலை வைத்தபடி சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார். படம் எடுத்தவர்கள் சாப்பாட்டைத் தூக்கிவிட்டிருந்தார்கள். நேராக ஆறு எழுந்தது.

முதலில் சத்தம் நின்றது. பிறகு தண்ணீர் கரையை விட்டு மெல்ல எழும்பி, மலை உயரத்துக்கு நிமிர்ந்து, அப்படியே நின்றது. அதற்குள் மீன்கள் நகர்ந்தன. என்றோ மூழ்கிய ஊர்களில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. அந்தப் பெண் தண்ணீரில் கால் வைத்து, படியேறுவதைப் போல மேலே ஏறத் தொடங்கினாள். தினம் இருமுறை தாமிரபரணியைக் கடந்தும் பஸ் ஜன்னல் பக்கம் தலை திருப்பாதவர்கள், வாய் திறந்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேண்டீன் ஜாபேஸ் மூன்று முறை போன் செய்தார். போன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்தது. பிரேமலதா அதைப் பார்க்கவில்லை.

அரங்கின் விளக்குகள் எரிந்தபோது படம் முடிந்திருந்தது.

சிவசைலம் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். பிரேமலதாவைக் கண்காணிக்கவென்றே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்.

“இடைவேளை எப்பம்மா விட்ட?”

“விடல, அண்ணாச்சி.”

“நான் உள்ளதான இருந்தேன்.” அவர் யோசித்தார். “எனக்கே தெரியலையே.”

“அந்தத் தண்ணி அங்கன நிக்கையில எப்படி அண்ணாச்சி நிப்பாட்ட?”

சிவசைலம், ஆறிப்போன சமோசாக்களோடு ஜாபேஸ் கீழே காத்திருப்பதை நினைவுபடுத்தினார். மத்தியானக் காட்சிக்கு முப்பதாவது நிமிடத்திலேயே இடைவேளையை விட்டுவிடச் சொன்னார். மச்சான் மகன் பேச்சை எடுக்கவில்லை.

மத்தியானம் அப்படியே நடந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று முணுமுணுத்தபடி ஜனங்கள் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். இம்முறை சிவசைலம் கடைசி வரிசைக்குப் போகாமல் மேலே வந்து, கண்ணாடித் துவாரத்தருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் சத்தம் அடங்கியது. பிரேமலதாவின் விரல் பழக்கத்தில் பொத்தான்மேலேயே இருந்தது. அவர் திரும்பாமலே சொன்னார்:

“கைய பொத்தான்ல இருந்து எடுத்துரும்மா. பயமா இருக்கு.”