ஐந்தாம் மாடி மூலை வீடு

குளிர் நுழையாத, மழை ஒழுகாத வீட்டுக்குக் குடிபோன பிறகு ஒருவருக்கு உடம்பு ஏன் கெட வேண்டும்? எழுபத்தொரு வயது மூதாட்டி சுயெகோவின் விஷயத்தில் அதுதான் நடந்தது.

சுனாமியில் வீடு போனபின் நான்கு வருடம் தற்காலிகக் குடியிருப்பில் இருந்தார். சுவர் அட்டை மாதிரி. பக்கத்து அறைக் கிழவர் கென்சோ விடியற்காலையில் இருமினால், இவர் கரண்டியால் சுவரைத் தட்டுவார்.

"கென்சோ ஐயா! தண்ணியக் குடிச்சுத் தொலைங்க!"

"உங்க குறட்டையில நான் தூங்கினாத்தானே எழுந்து குடிக்க!"

சுயெகோவை நல்ல அண்டைவீட்டுக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. புது அடுக்குமாடிக்கான படிவத்தில், 'சுவர் கெட்டியாக, சத்தமில்லாத வீடு வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். கேட்டதே கிடைத்தது. ஐந்தாம் மாடி, மூலை, இரும்புக் கதவு, ஜன்னலில் கடல். கென்சோ மகளோடு மொரியோகா நகரத்துக்குப் போய்விட்டார்.

ஆறே மாதத்தில் சுயெகோவின் ரத்த அழுத்தம் நூற்று நாற்பதிலிருந்து நூற்றெண்பதுக்கு ஏறியது. தூக்கம் போயிற்று. மூன்று நான்கு நாள் வெளியே இறங்காததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். முள்ளங்கி ஊறுகாயை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியும் அழுத்தம் இறங்கவில்லை. இப்படியே போனால் பக்கவாதம்தான் என்று எச்சரித்தார்.

மாதம் ஒருமுறை வரும் செவிலி கொன்னோ, சுயெகோவின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "கடைசியா யார்கிட்ட பேசினீங்க?"

"டிவியில வானிலை சொல்றவன்கிட்ட. மழை வரும்னான். பொய் சொல்லாதடான்னேன்."

"அதுக்கு அவன்?"

"மறுபடியும் மழைங்கிறான். மரியாதை தெரியாத பய."

கொன்னோ சிரித்தாள். "பாவம், ஊறுகாய் மேல பழியப் போட்டுட்டோமோ? பகல்ல கதவத் திறந்து வைங்களேன்."

"வச்சேனே. எதிர்வீட்டுக்காரி வந்து, தாழ்ப்பாள் கெட்டுப்போச்சான்னு கேட்டுட்டு, அவளே சாத்திட்டுப் போனா."

வசந்தத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானது. ஒட்டியே குப்பைக் கொட்டகை. காலை ஆறு மணிக்கே கட்டிடம் முழுக்கப் பையோடு அங்கே வந்து நிற்கும். பாட்டில் உருளும், காக்கை கத்தும், வந்தவர்கள் நின்று வம்பளப்பார்கள். இரண்டு குடும்பங்கள் சத்தம் தாங்காமல் காலி செய்த வீடு. வேண்டுவோர் மாறிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுயெகோ நகராட்சிக்குப் போனார்.

"அம்மா, அங்க வெயிலே விழாது. கடல் தெரியிற வீட்ட விட்டுட்டு யாராவது அங்க போவாங்களா?" என்றார் எழுத்தர்.

"படிவத்தக் குடுங்க."

பெயர், பழைய வீட்டு எண், புது வீட்டு எண் எல்லாம் நிரப்பினார். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"ஒரு வார்த்தையாவது எழுதுங்கம்மா."

சுயெகோ பேனாவை மூடினார். பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கும் தன் பெயர் முத்திரையை எடுத்து, அடியில் அழுத்திப் பதித்து, அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுப் படிவத்தை நீட்டினார்.