நான் பாடிய வசையும் மக்சிக் பாடிய பதிலும்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முந்தைய வருடம். அப்போது மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். வயது இருபத்தொன்று. புக்கிட் ரம்பாய்க்கும் டவுனுக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு டவுனில் காக்கிச் சட்டை போடும் வேலை கிடைத்தால் கால் தரையில் நிற்குமா? எனக்கும் நிற்கவில்லை.

என் தலைக்கனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது என் பேரன் ராப் பாடுகிறான். எதிரில் இருப்பவனை எதுகை மோனையோடு வாரிவிட்டு, பதில் சொல்லு பார்க்கலாம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறான். அதே வேலையைத்தான் நாங்கள் தோட்டத்தில் செய்தோம். காமன் பண்டிகைக்கு லாவணி நடக்கும். இரண்டு கட்சி. ஒருவன் பாட்டிலேயே கேள்வி போட்டு மடக்குவான். மற்றவன் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி மீள வேண்டும். திணறினால் அடுத்த பண்டிகை வரை தோட்டமே கேலி பேசும். மூன்று வருடம் பாடினேன், ஒருமுறைகூடத் திணறியதில்லை. முதல் அடியையே ஓங்கி அடி, எதிராளியை எழுந்திருக்க விடாதே. எனக்குத் தெரிந்த ஒரே விதி அதுதான்.

நான் குடியிருந்த வீடு மலாக்காச் செட்டிகளுடையது. வட்டிக்கடைச் செட்டியார்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் கப்பலில் வியாபாரத்துக்கு வந்து, இங்குள்ள பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம். கும்பிடுவது நம் சாமி, நெற்றியில் திருநீறு, பேசுவது மட்டும் மலாய். வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். நான் அவரை ‘மக்சிக்’ என்று கூப்பிடுவேன். மலாய்க்காரர்கள் சித்தி, அத்தை என்கிற மாதிரி கூப்பிடும் சொல் அது.

எனக்கு அம்மை போட்டிருந்தபோது பஸ் நண்பன் ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. மக்சிக்தான் வாசலில் வேப்பிலை கட்டி, பதினோரு நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அது மட்டுமல்ல. தோட்டத்தில் பதினைந்து வயதில் எனக்கு ஒரு தங்கை இருந்தாள். டவுனில் தையல் பள்ளி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தங்க நல்ல வீடு இருந்தால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் அடுத்த மாதமே ரப்பர் பால்வெட்டுக்குப் போகட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். மக்சிக்கிடம் அரைகுறை மலாயில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பின்னறையில் இருக்கட்டும் என்று உடனே ஒப்புக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் வாய் நீண்டது.

அவர்கள் கோயிலில் மாரியம்மன் திருவிழா. பகல் சாப்பாடு முடிந்து, பந்தலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பிடில் எடுத்தார், இன்னொருவர் ரெபானா என்கிற பறையை மடியில் வைத்துக்கொண்டார். டொண்டாங் சாயாங் தொடங்கியது. ஒருவர் பந்துன் என்னும் நாலு வரிப் பாட்டைப் பாட, மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு நாலு வரியில் பதில் பாடுவார். முதல் இரண்டு வரியில் மரம், மீன், மழை என்று ஏதாவது வரும். விஷயமெல்லாம் கடைசி இரண்டு வரியில். அட, இது நம்ம லாவணி அல்லவா! என் நாக்கு ஊற ஆரம்பித்தது.

நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் பாடிக்கொண்டிருந்தவர் மக்சிக்தான். நான் தாளம் போடுவதைப் பார்த்து, “நீயும் ஒண்ணு பாடேன், தமிழிலேயே பாடு” என்றார். அவ்வளவுதான். எழுந்து நின்றேன்.

பட்டுவேட்டி கட்டிவந்து பால்குடம் எடுப்பவரே
விட்டுவிட்டீர் தாய்மொழியை, வெட்கமில்லை யோஉமக்கு!

தோட்டமாக இருந்தால் விசில் பறந்திருக்கும். இங்கே எல்லாரும் சிரித்த முகத்தோடு தலையாட்டினார்கள். யாருக்கும் புரியவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஆனால் என் பக்கத்தில் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் ஒருவர் விருந்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். மக்சிக் அவரிடம் அர்த்தம் கேட்டார். நம் ஆள்தானே, சமாளிப்பார் என்று நினைத்தேன். பாய் குனிந்து மலாயில் ஏதோ சொன்னார். மக்சிக் பிடில்காரரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே பாடினார். பந்தலே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்து, மற்றவர்களைவிடப் பலமாகக் கை தட்டினேன்.

“அது உனக்குப் பாடுனதுதான்லா தம்பி. நீயே கை தட்டுறியே” என்றார் பாய்.

அவர் சொன்ன அர்த்தம் இதுதான். முருங்கை மரத்தில் கிளி வந்து உட்காரும், பொழுது சாய்ந்தால் பறந்து போகும். கிணறு ஆழமில்லை என்கிறார் விருந்தாளி, அவர் தாகம் தீர்ந்தது அந்தக் கிணற்றில்தானே.

கையில் இன்னும் சாப்பாட்டு வாசனை போகவில்லை. கஞ்சி குடித்த பதினோரு நாளும் கண் முன்னால் வந்தன. “கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா பாய்?” என்றேன். “கேட்டாங்க, சொன்னேன். மாத்திச் சொன்னா அவங்க எப்படிப் பதில் பாடுறது?” என்றார் அவர். எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததோ பஸ் மலாய். மெதுவாகப் பேசினால் ஓரளவு புரியும், பாட்டுக் கட்ட வாய் ஓடாது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் திணறினேன். பேசாமல் எழுந்து போய்விட்டேன்.

அறையில் தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கினேன். இனி இந்த வீட்டில் என்ன முகத்தோடு இருப்பது? எனக்குப் படுக்க ஓர் இடம் கிடைத்துவிடும். தங்கைக்கு? என் இரண்டு வரித் திமிருக்கு அவள் பால்வாளி தூக்கப் போகிறாளே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாசலில் மக்சிக் நின்றார். எனக்குப் புரியட்டும் என்று அவர் மெதுவாக மலாயில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். “எங்கே கிளம்பிட்டே? நான் பாடிட்டேன், நீ இன்னும் பாடல. பதில் பாடாம எழுந்து போறதுதான் எங்க வழக்கத்துல மரியாதை கெட்ட வேலை.”

நான் வசை பாடியது தப்பில்லையாம், ஓடி வந்ததுதான் தப்பாம்! மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். “கோபம் இருந்தா நான் பாடியே இருக்க மாட்டேன். பேசாம இருந்திருப்பேன்” என்றார். போகத் திரும்பியவர் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கப்பல்ல வந்தது எங்க பாட்டனுங்க. எங்களைப் பெத்தவங்க இந்த ஊர்ப் பொண்ணுங்க. பிள்ளை, அம்மா பேசினதைத்தானே பேசும்? அதுல வெட்கப்பட என்னப்பா இருக்கு?”



பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டேன். மறுநாளிலிருந்து பஸ்ஸில் ஒரே கூத்து. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, இந்தச் சொல்லுக்கு ஒத்த ஓசையில் ஒரு சொல் சொல்லுங்கள் என்று ஏறுபவர்களையெல்லாம் கேட்டேன். மீன்கூடையோடு வந்த மலாய்க்காரர் ஒரு வரி கொடுத்தார். அது சரியில்லை என்று சீனத்து அம்மா ஒருவர் சண்டைக்கு வந்து, தன் நிறுத்தத்தைக் கோட்டைவிட்டார். டிரைவர் என்னைத் திட்டித் தீர்த்தார். ஒரு வாரத்தில் நாலு வரி சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு பிற்பகல் அதே தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். விரித்திருந்த பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு வரியில் புக்கிட் ரம்பாய் பஸ்ஸையும் மழையையும் வைத்தேன். அடுத்த இரண்டு வரியில், என் கயிறு குட்டை, அது தெரியாமல் கிணற்றைக் குறை சொன்னேன் என்று பாடினேன்.

பிடில்காரர் வில்லாலேயே தொடையில் தட்டினார். அன்று சிரித்தது போலவேதான் சிரித்தார்கள், ஆனால் இப்போது நானும் அதற்குள் இருந்தேன். மக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டாவது வரி தாளத்துல இடிக்குது” என்றார். உடனே, “தங்கச்சி எப்ப வர்றா? பின்னறையைக் கூட்டி வச்சு எட்டு நாளாச்சு” என்றார்.

கணக்குப் பார்த்தால் எட்டு நாளுக்கு முன்பு என்பது நான் வசை பாடிய மறுநாள்.

தங்கை வந்தாள். தையல் படித்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தாள். பஸ்ஸில் பொறுக்கிய என் மலாயைவிட அவள் பேசிய மலாய் அழகு. மக்சிக் காலமானபோது மகளைப் போல நின்று அழுதாள்.

இப்போது புக்கிட் பாருவில் என் வீட்டு முன்கூடத்தில் பேரனும் அவனுடைய மலாய்க்கார நண்பனும் மாலையில் ராப் பயிற்சி செய்கிறார்கள். இவன் தமிழில் அவனைக் கிழிக்க, அவன் மலாயில் இவனைக் கிழிக்க, அர்த்தம் கேட்டுக் கேட்டுப் பதில் கட்டுகிறார்கள். இது பாட்டா, சண்டையா, பிள்ளைகளைக் கெடுத்து வைத்திருக்கிறீர்களே என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் சலித்துக்கொள்கிறார். நான் சிரித்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளுக்கும் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறேன். அவர்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் எனக்குக் கவலையில்லை, ஒருவர் பாட்டுக்கு ஒருவர் பதில் பாடாமல் எழுந்து போகிற நாள் மட்டும் வந்துவிடக் கூடாது.