அடுப்பை அணைத்த பிறகு வேகும் மக்ரூன்

எங்கள் தெருவில் அன்று கேக் வெட்டினார்கள். பிறந்தநாளும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஒரு வீட்டில் கேஸ் மீட்டரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், அதற்குத்தான். நெதர்லாந்தின் வடக்கே, குரோனிங்கனுக்குப் பக்கத்தில் நாங்கள் வசிக்கும் சின்ன ஊரில் இப்போது இதுதான் விசேஷம். காலடியில் கிடந்த எரிவாயுவை எடுத்து நாட்டுக்கே குளிர் போக்கிய பகுதி இது. எடுக்க எடுக்க பூமி நடுங்கி, வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்ட பிறகு அரசாங்கம் எரிவாயுக் கிணறுகளை மூடியது. பருவநிலையைக் காக்க இனி வீடுகளும் கேஸை விட்டு வெளியே வரவேண்டும் என்கிறது. மீட்டர் போன வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். நான் கேக்கை வாங்கிக்கொண்டு, முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். அதே வாரம்தான் தூத்துக்குடியில் என் அக்கா, தெருவுக்கு கேஸ் குழாய் வந்துவிட்டதென்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்திருந்தாள்.

செல்வி அக்காவும் அத்தானும் தூத்துக்குடி முத்தையாபுரத்தில் பேக்கரி வைத்திருக்கிறார்கள். காலையில் துறைமுகத்து வேலைக்குப் போகிறவர்களுக்கு ரொட்டியும் பன்னும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப்பொடியும் சேர்ந்த அந்த வெள்ளைக் கூம்புகளை டப்பா டப்பாவாக வாங்கிப் போகாமல் யாரும் ஊரை விட்டுக் கிளம்பமாட்டார்கள். வருஷம் முழுக்கத் தள்ளாடும் கடையை மக்ரூன்தான் நிமிர்த்தும். கடையின் செங்கல் அடுப்பு விறகில் எரிந்தது. எப்போது பார்க்கப் போனாலும் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் வெளியே வருவாள். அவள் இருமலுக்குக் காரணம் துறைமுகத்து நிலக்கரித் தூசியா, அடுப்புப் புகையா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். பிறகு பின்தெருவில் பள்ளிக்கூடம் வந்தது. புகையைப் பார்க்க வந்த அதிகாரிகள், கிறிஸ்துமஸுக்குள் விறகை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கடையை மூடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். அதனால்தான் குழாய் வந்த அன்று போனில் இப்படிக் கத்தினாள்.

"ஏளா, இங்கன கேஸ் வந்துட்டு! இனி நான் இரும மாட்டேன், பாத்துக்கோ."

"இங்க பிடுங்கி எறியுதானுவக்கா. கேக்கு வேற வெட்டுதானுவ."

"கொழுப்பெடுத்தவனுவ," என்றாள்.

அக்கா தெருவுக்கு கேஸ் வந்த செய்தியைப் பக்கத்து வீட்டு ஹெங்க்கிடம் சொன்னேன். ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். "யம்மர்," என்றார். பாவம், வருத்தமாயிருக்கிறது என்று அர்த்தம். பால் கொட்டினாலும் கப்பல் கவிழ்ந்தாலும் இங்கே இதைத்தான் சொல்வார்கள். "இந்தியா ஏன் நேராகக் காற்றுக்கும் சூரியனுக்கும் போகக்கூடாது?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போகும்போது எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாடிகள். "இது உங்கள் ஊரா?" என்றார். எங்கள் ஊர்தான் ஐயா. காற்றாடி சுற்றுகிற அதே மாவட்டத்தில்தான் என் அக்கா புகையில் இருமிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே நாளில் எல்லோர் வாசலுக்கும் வந்துவிடுவதில்லை.

அவர் யோசித்துவிட்டு, சின்ன வயதில் தான் நிலக்கரி வாளி சுமந்ததைச் சொன்னார். கேஸ் வந்த அன்று அவருடைய அம்மா சந்தோஷத்தில் அழுதாராம். "அன்றைக்கு யாரும் அவரிடம் யம்மர் சொல்லவில்லை," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனால் நாங்கள் எப்போது நிறுத்துவது என்று யோசிக்கவேயில்லை," என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மனதில் தங்கிவிட்டது. கேஸ், நிலக்கரியிலிருந்து காற்றுக்கும் சூரியனுக்கும் போகும் ஒரு பாலம்தான் என்று நம் ஊர் மேடைகளிலும் பேசுகிறார்கள். பாலத்தில் வீடு கட்டிக் குடியேறிவிடமாட்டோம் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

அதற்குள் முத்தையாபுரத்தில் வேறு வினை வந்தது. பழைய செங்கல் அடுப்புக்குள்ளேயே கேஸ் பர்னரைப் பொருத்தியிருந்தார்கள். ரொட்டி பிரமாதமாக வந்தது. மக்ரூன் வரவில்லை. பழுப்பேறி, வெடித்து, உள்ளே பிசுபிசுத்தது. தீயைக் குறை என்றார் பொருத்தியவர். குறைத்தார்கள். இன்னும் குறைத்தார்கள். தட்டுத் தட்டாகக் குப்பைக்குப் போனது. திரேஸ்புரத்திலிருந்து ஆர்டர் கொடுத்தவர்கள் தினமும் கேட்க ஆரம்பித்தார்கள். விறகுக்குத் திரும்ப வழியில்லை. "அத்தான் கடைய மூடிரலாம்னு சொல்லுதாவ," என்று சொல்லி அக்கா அழுதாள். இத்தனை தொலைவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கையாலாகாத்தனத்தைப் புலம்பெயர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு மீட்டரைக் கழற்றும் முறை ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. இளைஞன் ஒருவன் ஸ்பானருடன் மீட்டர் முன்னால் குந்தியிருந்தான். அப்போது அக்கா வீடியோவில் வந்தாள். முகமெல்லாம் மாவு, வாயெல்லாம் பல்.

"ஏளா, விறகு எரிச்ச காலத்துல, மக்ரூன் உள்ள இருக்கும்போது தீ எங்க எரிஞ்சுது?"

எனக்குப் புரியவில்லை.

"தணல எல்லாம் இழுத்து வெளிய போட்டுட்டு, ரொட்டி எடுத்த பெறவு கெடக்க சூட்டுலதான வச்சோம்? சூடு இறங்க இறங்க அதுவா காய்ஞ்சு வரும். விறகுன்னா அவிஞ்சு போவும். கேஸு தானா அவியுமா? கைக்கு வசதியா இருக்குன்னு எரியவிட்டே வச்சிருந்திருக்கோம். நேத்து ரொட்டிய எடுத்ததும் பர்னரச் சுத்தமா அடைச்சிட்டேன். இப்பப் பாரு!"

கேமராவுக்கு முன்னால் ஒரு மக்ரூனை நீட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் உடைத்தாள். மொறுக்கென்ற சத்தம் கடல் தாண்டி என் சமையலறையில் கேட்டது. பின்னால் அத்தான், "தங்கச்சி, திரேஸ்புரத்து ஆர்டர் மொத்தமும் இன்னைக்கு உள்ள போவுது!" என்று கத்தினார். நானும் கத்திவிட்டேன். கை தட்டினேன், குதித்தேன்.

பையன் ஸ்பானரை நழுவவிட்டான். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். "என் அக்கா கேஸை அணைத்துவிட்டாள்," என்றேன். அவன் முகம் மலர்ந்தது. "ஹெஃபேலிசிதேர்த்!" என்று கை குலுக்கினான். வாழ்த்துகள் என்று அர்த்தம். இந்தியாவிலும் ஒரு வீடு கேஸைக் கைவிட்டதாக நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. அன்றைய சந்தோஷத்துக்கு அந்த வாழ்த்து பொருத்தமாகத்தான் இருந்தது. அக்கா பேக்கரியை மீட்டுவிட்டாள். எரியவிடவும் தெரியும், அணைக்கவும் தெரியும் என்று ஒரு அடுப்பில் செய்தும் காட்டிவிட்டாள். ஹெங்க்கிடம் சொல்ல எனக்கு இப்போது ஒரு பதில் இருந்தது. அவருக்கென்று ஒரு டப்பா மக்ரூனும் பார்சலில் வருகிறது.

பையன் குழாயின் வாயில் மூடியை முறுக்கி அடைத்துவிட்டுப் போனான். இங்கே அடைத்தது இனித் திறக்காது. அக்கா அடைத்தது நாளைக் காலை ரொட்டிக்குத் திறக்கும். சமையலறை இழுப்பறையில் என் கேஸ் லைட்டர் கிடந்தது. வேலையில்லாப் பொருள் என்று குப்பைக்கூடை வரைக்கும் கொண்டுபோனேன். போட மனம் வரவில்லை. ஊருக்குப் போகும் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே வைத்தேன். ஒரு காலையாவது அக்காவின் அடுப்பை நான் பற்றவைக்க வேண்டும். அணைப்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.