காந்திபுரத்தில் குடியிருந்த நாட்கள்

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எங்கள் குடும்பம் சில நாட்கள் கோயமுத்தூர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் குடியிருந்தது. குடியிருந்தது என்று இப்போதுதான் சொல்கிறேன். அப்போது அதை ஒரு சுற்றுலா என்றே நினைத்திருந்தேன்.

அதுவரை சரவணம்பட்டியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். பக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகியதும், வீட்டுக்காரர் வீடுகளை இடித்துவிட்டு ஹாஸ்டல் கட்டத் தீர்மானித்தார். கெட்ட மனிதர் அல்ல. காலி செய்த அன்று எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. வேலை முடிந்து வந்ததும் அம்மாவோடு ‘டு லெட்’ போர்டு தேடிப் போவார். கேட்கிற வாடகை அவருடைய சம்பளத்தை விழுங்கிவிடும். கட்டுப்படியாகிற வீட்டுக்கோ, யாராவது முன்பே அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். கடைசியில் பாத்திரம் பண்டமெல்லாம் பட்டறையின் மூலைக்குப் போயின. நாங்கள் ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

அப்பா பகலில் வேலைக்குப் போய்விடுவார். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போலவே உட்கார்ந்திருப்பாள். யாராவது விசாரித்தால், “ஈரோட்டுப் பஸ்ஸுக்குங்க” என்பாள். ஈரோட்டுப் பஸ்கள் வந்து வந்து போயின. கூட்டம் அதிகம் என்பதால்தான் நாங்கள் ஏறவில்லை என்று நம்பினேன்.

ஒருநாள் காலையில் அம்மா முகம் கழுவப் போயிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. பேசியது பவானியில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா.

“ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா கண்ணு?”

“நாங்க ஊட்டுல இல்லீங்கத்தை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல இருக்கறோம். இங்கயேதான் தூங்கறோம்” என்றேன் பெருமையாக.

“அங்கயே இரு கண்ணு. நான் வாரேன்” என்றாள்.

சாயங்காலம் பட்டறையிலிருந்து திரும்பிய அப்பா, அம்மாவின் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றார்.

“ஏன்டா தம்பி, கூடப் பொறந்தவ செத்தா போயிட்டேன்?”

“உன்ற மாமியார் ஊட்டுல நாங்க இத்தனை பேரும் வந்து எப்படீக்கா…”

“அங்க ஆரு கூப்பிட்டா உன்னய? எங்க வீதியிலயே ஊடு பூட்டிக் கெடக்குது. பையைத் தூக்கு.”

மறுநாளே அந்த வீடு கிடைத்துவிட்டது. “பசங்க திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க. சும்மா கெடக்கறதுக்கு நீங்க இருந்தா நல்லதுதானுங்க” என்று சொல்லி, வீட்டுக்காரர் சாவியை அம்மாவின் கையில் கொடுத்தார். அவர் சொன்ன வாடகையை அப்பா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கோயமுத்தூர்க்காரர்கள் கெட்டவர்கள், பவானிக்காரர்கள் நல்லவர்கள் என்று நான் முடிவுகட்டினேன். அத்தனை மாடிக் கட்டடங்கள் உள்ள ஊரில் எங்களுக்கு இடமில்லை. இந்தச் சின்ன ஊரில் வீடு ஆளுக்காகக் காத்திருக்கிறது. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? வேலையைத் தேடி ஆட்கள் வந்து குவிந்த இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பலர் போட்டி போட்டார்கள் என்பதும், பவானியில் பூட்டுத் தொங்கியது வேலை இல்லாததால்தான் என்பதும் வெகுகாலம் கழித்தே புரிந்தன. அப்பா வாரமெல்லாம் பட்டறையில் தங்கி ஞாயிறுதோறும் வந்துபோனபோதுகூட, அவருக்குப் புது வீடு பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்த அன்று அம்மா முதலில் செய்தது கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டதுதான். பிறகு தாழ்ப்பாளை எடுத்தாள். மறுபடி போட்டாள். போட்டபடியே கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பின்பக்கம் இருந்த அப்பாவைக் கூப்பிட ஓடினேன்.